டயலில் ஐந்து நிமிடம்

மத்திகிரியில் மூன்று நாளாகத் தூறல்.
கொடியில் கிடக்கும் சாம்பல்நிறச் சட்டை
காலையில் தொட்டாலும் ஈரம்,
மாலையில் தொட்டாலும் ஈரம்.
இந்த ஊர் ஐப்பசியில் வெயில்
கடைசி டவுன் பஸ் மாதிரி,
வந்தால் உண்டு.

திங்கள் காலை ஆறு மணி ஷிப்டு.
டிரையரைத் திருகினால்
முதலில் ஒரு முனகல்,
அப்புறம் தடதட,
அப்புறம் கல்குவாரி கிரஷர் ஒன்று
பாத்ரூம் பக்கத்தில் குடிவந்த மாதிரி.
மிஷின் தானே நகர்ந்து நகர்ந்து
சமையலறை வாசல்வரை வந்து நிற்கும்.
கீழ்வீட்டு முனிரத்னம்மா
துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிப்பார்.
தெலுங்கில் இரண்டு இடி, தமிழில் ஒன்று.

மெக்கானிக் வந்தார். வந்ததற்கு முந்நூற்றைம்பது.
மூடியைக்கூடத் திறக்கவில்லை.
"மோட்டார் போச்சு மேடம், ரெண்டாயிரத்து நானூறு ஆவும்."

போகவில்லை என்று எனக்குத் தெரியும்.
ஷிப்டுக்கு அறுநூற்று நாற்பது போல்ட் முறுக்குகிறவள் நான்.
தளர்ந்ததற்கு ஒரு குரல், தேய்ந்ததற்கு ஒரு குரல்.
எரிந்ததற்குக் குரல் கிடையாது, வாடைதான்.

ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கி
சுவரைப் பார்த்திருந்த முதுகை
என் பக்கம் திருப்பினேன்.
எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.
சென்னகேசவன் செல்போன் டார்ச் பிடித்தார்,
வெளிச்சம் அவர் யோசனை போன பக்கமெல்லாம் போனது.
"இங்க காட்டுங்க."
காட்டினார். மறுபடி போய்விட்டது.

மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்கில்
ஒன்று ஒடிந்து சாய்ந்திருந்தது.
பிரேக் கம்பி தொய்ந்து,
மூடி மூடிய பிறகும்
கட்டை டிரம்மை விடாமல் பிடித்திருந்தது.
ஓடு என்று மோட்டாரும்
போகாதே என்று பிரேக்கும்
ஒரே அச்சில், இத்தனை மாதமாக.

எட்டாவது ஸ்க்ரூவைத் தேடி
வடிகுழாயைக் கழற்றி உதறினேன்.
சோப்புக் களி, ஒரு இரண்டு ரூபாய்,
அதோடு அத்தையின் மூக்குத்தித் திருகாணி.
ஆடியில் தொலைந்தது.
யார் எடுத்தது என்று யாரும் கேட்காமல்
என்னை மட்டும் பார்த்தது.

பாகலூர் ரோடு ஸ்பேர் கடையில்
ஸ்பிரிங்கும் பிரேக் கட்டையும் இருநூற்றுப் பத்து.
மாட்டினேன். கம்பியை இழுத்துக் கட்டினேன்.
போல்ட்டை எவ்வளவு முறுக்குவதென்று
மணிக்கட்டுக்கே தெரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் அறைக்குக் கதவு இல்லை, ஸ்க்ரீன்தான்.
ஹாலில் மாமாவும் டிவியும்.
டிரையர் ஓடும் ஐந்து நிமிடம்தான்
நானும் அவரும் பேசிக்கொள்வது.
கடன், சண்டை, ஒருமுறை என் அழுகை,
எல்லாம் அந்தத் தடதடவுக்குள்.
துணியே இல்லாமல்
டயலைத் திருகிய இரவுகளும் உண்டு.

ஈரச் சட்டையைப் போட்டு, மூடி, திருகினேன்.
சுற்றியது.
தூங்குகிற பிள்ளையின் மூச்சளவுகூடச் சத்தமில்லை.

அவர் பழக்க தோஷத்தில்
இரைச்சலுக்கு மேலே கத்துவதுபோல் கத்தினார்:
"மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்!
தை பொறந்ததும் தனியா போயிரலாம்!"

ஹாலில் டிவி சத்தம் குறைந்தது.
கீழ்வீட்டில்கூட
யாரோ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார்கள்.

அத்தை வந்து நின்றார்.
என் உள்ளங்கையில் திருகாணி இன்னும் இருந்தது.
நீட்டினேன்.
வாங்கி, டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்து,
முந்தானையில் முடிந்துகொண்டார்.
மகனைப் பார்க்கவில்லை.
சுற்றுவதே தெரியாமல் சுற்றுகிற
மிஷினைப் பார்த்தார்.

"இது யாருக்கு?" என்றார்.

டயலில் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.